மண் கேளாத செடி

கொழும்பு ஹெவ்லொக் டவுனில் பழைய தனிவீடுகள் ஒவ்வொன்றாய் உடைபட்டுத் தொடர்மாடிகளாகிக்கொண்டிருக்கின்றன. மல்லிகைப் பந்தல் போன இடத்தில் இப்போது பல்கனிக் கம்பிகளில் ஓர்கிட் தொங்குகிறது. மண் கேளாத செடி. கரியும் ஓட்டுத் துண்டும் தென்னம் பொச்சும் போதும். ஆனால் எந்தப் பல்கனியைப் பார்த்தாலும் அதே ஊதா டென்ட்ரோபியம். அலுத்துப்போய்த்தான் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் புறப்பட்டேன்.

கண்டி பஸ் பூங்கா வாசலிலேயே இறக்கிவிடும். 1821இல் தொடங்கிய பூங்கா. மரங்களை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினால் பொழுது போய்விடும். நேரே ஓர்கிட் கூடத்துக்கு நடந்தேன்.

முதல் பார்வைக்கு அந்தப் பூக்கள் ஒன்றுக்கொன்று உறவென்றே சொல்ல முடியாது. கிட்டப் போய் இதழ்களை எண்ணினால் குட்டு வெளிப்படும். வெளியே மூன்று, உள்ளே மூன்று. உள் மூன்றில் ஒன்றுதான் வேஷக்காரன். அதற்கு உதடு என்று பெயர். பூச்சி வந்து இறங்குவது அதில்தான். ஒன்சிடியத்தில் அது ஆடுகிறவளின் மஞ்சள் பாவாடையாய் விரிகிறது. செருப்பு ஓர்கிட்டில் குழிந்து, விழுந்த பூச்சியை மகரந்தத்தின் வழியாகவே வெளியேற விடுகிறது. மொட்டில் மேலே இருக்கும் இந்த உதடு, பூ விரியுமுன் காம்பு அரைச்சுற்றுத் திரும்புவதால் கீழே வருகிறது. வண்டா ஓர்கிட்டின் காம்பில் அந்த முறுக்குக் கண்ணுக்கே தெரிந்தது.

தோட்ட ஊழியர் ஒருவர் நீர் தெளித்தார். வெள்ளையாய்த் தொங்கிய வேர்கள் கண்ணெதிரே பச்சையாயின. வேரின் பஞ்சுத் தோல் நீரைக் குடித்ததும் உள்ளிருக்கும் பச்சையம் தெரிகிறது.

"வேர் வெள்ளையா இருந்தா மட்டும் ஊத்துங்கம்மா," என்றார். தொங்கு செடிக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

வெசாக் மல் பற்றிக் கேட்டேன். "அது மே மாசந்தாம்மா."

இலங்கையின் சொந்த டென்ட்ரோபியம் அது. தாழ்நில ஈரவலயக் காடுகளில் மரத்தைப் பற்றித் தொங்கும் இளஊதாப் பூ. 1850களில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த மக்கார்த்தியின் மனைவி பெயர் அதன் அறிவியல் பெயரில் இருக்கிறது. விற்பனைக்காகப் பிடுங்கிப் பிடுங்கியே காட்டில் அரிதாகிவிட்டது. ஓர்கிட் விதை வெறும் தூசி, உள்ளே சேமித்த உணவில்லை. காட்டில் பூஞ்சை துணை நின்றால்தான் முளைக்கும். 1922இல் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சையில்லாமலே முளைக்கவைத்தார். பல்கனி ஊதாவெல்லாம் போத்தலில் வளர்ந்த அந்த வழியில் வந்தவை. அவற்றுக்காக எந்தக் காட்டு மரமும் வெறுமையாகவில்லை.

வெசாக் மல்லைக் காட்டிலேயே பார்க்க வேண்டும். வெசாக் விடுமுறையில் இரத்தினபுரி பஸ்ஸில் இடம் பிடிப்பது லேசில்லை. இருந்தாலும் போவதாகத்தான் இருக்கிறேன்.