வீட்டுக் கணக்கு

இளம் வயதில் இணையத் தொழில் தொடங்கியவர்களைப் பற்றி எழுதப்படுவனவற்றில் தவறாமல் வரும் எண் அவர்களுடைய வயது. 17, 19 என்று. அந்த வயதில் ஒருவன் யார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்பது எழுதப்படுவதில்லை. ஒரு மூளை, ஒரு துணிச்சல், அதிலிருந்து ஒரு ஸ்தாபனம் என்ற கதைக்கு இந்த விடுபடல் அவசியம். அந்த வயதில் அந்தத் தொழிலைச் செய்தவன் என்கிற முறையில், விடுபட்டதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

1999 நவம்பரில் ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டுக்கு சத்யம் இன்ஃபோவே 499 கோடி ரூபாய் விலை பேசியது. அந்தச் செய்தி திருப்பூர் டீக்கடை பெஞ்சுகள் வரை வந்து சேர்ந்தது. 2000இன் தொடக்கத்தில், 17 வயதில், பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு இணையப் பக்கங்கள் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். வாடிக்கையாளர்களை நான் தேடிப் பிடிக்கவில்லை. அப்பாவின் டிரெடில் அச்சகத்தில் பில் புஸ்தகமும் லெட்டர்ஹெட்டும் அடித்துக்கொண்டிருந்தவர்கள்தான். 'நம்ம பிரஸ்காரர் பையன்' என்பது என் முகவரி. இணையம் என்றால் என்னவென்று அவர்களில் பலருக்குத் தெரியாது. சொன்ன தேதிக்குச் சரக்குக் கொடுக்கிற வீடு என்பது தெரியும்.

அடுத்தது கையெழுத்து. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவன். அப்படிச் செய்தால் அது ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903இல் மொஹோரி பீபி வழக்கில் பிரிவி கவுன்ஸில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே அப்பா கையெழுத்துப் போட்டார். இணையப் பெயரைப் பதிவு செய்ய வருஷத்துக்கு 35 டாலர். அதைக் கட்டுவதற்கான கிரெடிட் கார்டு மாமாவிடம் இருந்தது. இணைப்போ தொலைபேசி வழியாக. நான் இணைப்பில் இருக்கும் நேரமெல்லாம் அச்சகத்தைக் கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். அதனால் என் வேலை ராத்திரி பத்துக்கு மேல். 17 வயசுக்காரனின் வியாபாரம் என்று ஒன்று கிடையாது, ஒரு வீட்டின் வியாபாரம்தான் உண்டு என்று அந்தப் பழைய சட்டம் தன்னை அறியாமலே சொல்லிவைத்திருப்பதாக எனக்குப் படுகிறது.

கோயம்புத்தூர்க் கம்பெனிகள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு நான் செய்து கொடுத்தேன். ஊரில் இதற்குத் திறமை என்று பெயர் வைத்தார்கள். ஆனால் எனக்கு வாடகை இல்லை. கரண்டுக் காசு அச்சகக் கணக்கில். நடு ராத்திரியில் அம்மா சுட்டுக் கொண்டுவந்த தோசைக்குப் பில் இல்லை. ஒரு ஏற்றுமதிக்காரர் எட்டு மாதம் பணம் தராமல் இழுத்தபோதும் நான் பட்டினி கிடக்கவில்லை. 2000 மார்ச் 10இல் உச்சத்தைத் தொட்ட நாஸ்டாக் சரியத் தொடங்கி, வெளிப்பணத்தை நம்பிய இணையக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. என் கடை நடந்தது. என் முதலீட்டுக்காரர்கள் வட்டி கேட்கிறவர்கள் இல்லை.

இது திருப்பூரின் விசேஷம் என்று நினைக்க வேண்டாம். 1968இல் ஸியாட்டிலின் லேக்ஸைட் பள்ளியில் தாய்மார் சங்கத்தினர் பழைய சாமான்களை விற்ற பணத்தில்தான் டெலிடைப் கருவியும் கம்ப்யூட்டர் நேரமும் வாங்கப்பட்டன. அதில் உட்கார்ந்து பழகிய பையன்களில் பில் கேட்ஸும் பால் ஆலனும் உண்டு. 1995இல் அமேஸானில் ஜெஃப் பெஸோஸின் பெற்றோர் போட்ட பணம் 2,45,573 டாலர். இந்த மனிதர்களின் சாமர்த்தியத்தை மறுப்பது என் நோக்கமில்லை. சாமர்த்தியம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதற்குத் தாங்குசக்தி கொடுக்கிற வீடுகள் குறைவு.

ஒரே வீட்டிலும் அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. என் அக்கா என்னைவிடக் கணக்கில் கெட்டி. எந்தக் கம்பெனி எவ்வளவு பாக்கி என்று நோட்டுப் போட்டு எழுதியவள் அவள்தான். ராத்திரி ஒரு மணிவரை அச்சகத்தில் தனியாக உட்கார்ந்திருக்க எனக்கு அனுமதி இருந்தது, அவளுக்கு இல்லை. வாடிக்கையாளரின் ஆபீஸ் படியேறிப் பாக்கி கேட்க நான் போகலாம். அவள் எழுதிய சீட்டு மட்டும் போகலாம். 2002இல் அவளுக்குக் கல்யாணமாயிற்று. அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் எங்கள் தொழிலின் முழு வரவு செலவு இருக்கிறது, அவளுடைய சம்பளம் என்று ஒரு வரி இல்லை.

தொழில் ஆரம்பிக்க யோசனை கேட்டு இப்போது பையன்கள் வருகிறார்கள். ஒரு தாளில் கோடு போட்டு, ஒரு பக்கம் தொழில் சம்பாதிக்கப்போவதையும், மறுபக்கம் வீடு கொடுப்பதையும், யார் கொடுக்கிறார்கள் என்ற பெயரோடு எழுதச் சொல்கிறேன். பெரும்பாலும் மறுபக்கம் நீண்டுவிடுகிறது. ஆனாலும் ஆரம்பிக்கிறார்கள், ஆரம்பிக்கத்தான் வேண்டும். கேட்டு வருகிறவர்களில் பெண்கள் குறைவு. அதற்கான காரணமும் அந்த மறுபக்கத்தில்தான் இருக்கிறது.