பிடித்தானா, எதுவரை போனான்?

டாலஸில் முடிவெட்டும் கடையிலோ, அலுவலகத்தில் காப்பி மெஷின் இருக்கும் மூலையிலோ, தெரியாத மனிதரிடம் பேச்சுக் கொடுக்க ஒரு கேள்வி போதும். டெஸ் ப்ரையன்ட் அந்தப் பந்தைப் பிடித்தாரா இல்லையா? பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் குரல் உயர்கிறது.

2015 ஜனவரி 11, க்ரீன் பே நகரின் லாம்போ ஃபீல்ட் மைதானம். நாக்அவுட் ஆட்டம். டாலஸ் கௌபாய்ஸ் 21, க்ரீன் பே பேக்கர்ஸ் 26. கடைசி சில நிமிடங்கள், நான்காவது டவுன், தேவை இரண்டு யார்டு. டோனி ரோமோ நீளமாக எறிந்த பந்தை ப்ரையன்ட் எம்பிப் பிடித்தார். கால் ஊன்றிக் கோட்டை நோக்கிச் சரிந்தபடியே பந்துள்ள கையை நீட்டினார். பந்து தரையில் பட்டு எகிறியது, அதையும் பிடித்துக்கொண்டார். களத்தில் நின்ற நடுவர் கேட்ச் என்றார். வீடியோ பார்த்துவிட்டு வந்த தலைமை நடுவர் ஜீன் ஸ்டெராடோர் இல்லை என்றார். கௌபாய்ஸின் பருவம் ஏறக்குறைய அங்கே முடிந்தது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் பாதி புரியும். கிரிக்கெட்டிலும் பந்து கையில் பட்டவுடன் கேட்ச் முடிந்துவிடுவதில்லை. பந்தின் மீதும் தன் உடலின் அசைவின் மீதும் முழுக் கட்டுப்பாடு வர வேண்டும் என்கிறது விதி. 1999 உலகக் கோப்பையில் ஹெர்ஷல் கிப்ஸ், ஸ்டீவ் வா அடித்த பந்தைப் பிடித்த கையோடு மேலே எறியப் போய் நழுவவிட்டது நினைவிருக்கும். ஆனால் கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தவன் அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் பிடிப்பவன் பிடித்த அடுத்த கணமே ஓடுகிறவன் ஆகிவிடுகிறான். அந்த மாற்றம் எப்போது நடந்தது என்பதைத்தான் நடுவர் சொல்ல வேண்டும்.

அன்றைய விதிப்படி, விழுந்துகொண்டே பிடிப்பவன் தரையில் மோதிய பிறகும் பந்தை விடாமல் வைத்திருக்க வேண்டும். தரையைத் தாண்டிப் பிழைக்க வேண்டும் என்றே இங்கே சொல்வார்கள். 2010 செப்டம்பரில் டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சன், சிகாகோவில் வெற்றிக்கான பந்தைப் பிடித்தார். விழுந்தார், எழும் வேகத்தில் பந்து தரையில் நின்றுவிட்டது. கேட்ச் இல்லை. சிகாகோ 19-14. 2017 டிசம்பரில் பிட்ஸ்பர்கின் ஜெஸ்ஸி ஜேம்ஸுக்கும் கோட்டருகே இதே கதி. நியூ இங்கிலாந்து 27-24.

மூன்றிலும் நடுவர்கள் விதியை மீறவில்லை, எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள். ஆனால் பார்த்த எல்லோருடைய கண்ணும் ‘பிடிச்சுட்டான்’ என்றது. விதிக்கும் கண்ணுக்கும் நடுவே இந்தப் பள்ளத்தைத் தோண்டியதில் ஸ்லோமோஷனுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். என்எஃப்எல்லில் வீடியோ மறுபரிசீலனை 1986-இல் வந்தது, 1991 பருவத்தோடு போனது, 1999-இல் திரும்பி வந்தது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தால் எந்தப் பந்தும் கைக்குள் கொஞ்சம் அசையத்தான் செய்கிறது. ஒரு விநாடியில் முடிந்த செயலைப் பத்து விநாடிக்கு இழுத்தால், அதை அவன் முடிக்கவே இல்லை என்று தோன்ற ஆரம்பிக்கும்.

2018 மார்ச்சில் 32 அணி உரிமையாளர்களும் ஒருமனதாக விதியை மாற்றினார்கள். பந்து கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இரண்டு பாதங்களோ உடலின் வேறொரு பாகமோ களத்துக்குள் பட வேண்டும். பிறகு, மூன்றாவது அடி வைப்பது, கோட்டை நோக்கிக் கை நீட்டுவது போன்ற ஆட்டச் செயல் ஒன்று. அல்லது அதைச் செய்ய முடிந்த அளவு நேரம். தரையைத் தாண்டிப் பிழைக்கும் நிபந்தனை போய்விட்டது. புதிய விதியில் ப்ரையன்ட் பிடித்தது கேட்ச். ஸ்கோர் மட்டும் 26-21தான்.

இதையெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து பேசலாம். பந்தை எங்கே வைப்பது என்ற கேள்வியை நான் பக்கத்தில் நின்று பார்க்கத் தொடங்கியது மூன்று வருடங்களுக்கு முன்பு. என் மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில், வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்களுக்குச் சங்கிலி பிடிக்கும் அப்பாக்களில் நானும் ஒருவன். இரண்டு கம்புகள், நடுவே பத்து யார்டு சங்கிலி. நான்கு முயற்சிக்குள் அந்தப் பத்து யார்டைக் கடந்தால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். எங்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, பெற்ற பிள்ளை ஆடினாலும் சரி.

எங்கள் பக்கத்துக் கோட்டில் நிற்கும் லைன்ஸ்மன் ஓய்வுபெற்ற தபால்காரர். ஓடுகிறவனை எதிரணி தடுத்துப் பின்னால் தள்ளும்போது, பந்து அதிகபட்சம் எதுவரை போனதோ அந்த இடத்துக்கு நேராக வந்து தன் காலை ஊன்றுவார். எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொருவர் அப்படியே வருவார். இரண்டு கால்களும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் பந்து அங்கே வைக்கப்படும். இதுதான் ஃபார்வர்ட் ப்ராக்ரஸ். அவன் எங்கே விழுந்தான் என்பது கணக்கில் இல்லை.

சென்ற வருடம் ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு இது பிடிபடவில்லை. சின்ன வயதில் கபடி ஆடியவர். காரில் வரும்போது கேட்டார். “அவனை அஞ்சடி பின்னாடி தூக்கிட்டுப் போய்ப் போட்டாங்களேப்பா. பந்தை எதுக்கு முன்னாடி கொண்டுவந்து வைக்கிறான்?”

“அதுவரைக்கும் அவன் போனான்லப்பா.”

“எங்க ஆட்டத்துல கோட்டுக்கு ஒரு விரக்கடை இருக்கும்போது இழுத்துப் போட்டாலும் அவுட்டுதான். போன தூரத்துக்கெல்லாம் யாரு மார்க் போடுறா?”

அவர் சொன்னது சரிதான். கபடியில் திரும்பி வருவதுதான் எல்லாம். இங்கே போன தூரத்தை யாரும் பறிக்க முடியாது. ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. முன்னேற்றம் நின்றதும் விசில் ஊதப்படும், ஆட்டம் அத்தோடு செத்துவிடும்.

அந்த விசில் என்றைக்கு ஊத வேண்டும் என்பது தெரிந்தது அக்டோபரில் ஓர் இரவு. எதிரணியின் ஒல்லியான பையன் ஒருவன் பந்தோடு ஓடிவந்தான். எங்கள் பையன்கள் மூன்று பேர் அவனை நெஞ்சோடு பிடித்து நிற்கவைத்துவிட்டார்கள். அவன் கால்கள் அசைந்துகொண்டே இருந்தன, ஆனால் பின்னோக்கி. லைன்ஸ்மன் விசில் ஊதினார். அடுத்த நொடி பந்து நழுவி வெளியே வந்தது. அதை அள்ளிக்கொண்டு காலியான களத்தில் ஓடியவன் என் மகன். கேலரி எழுந்து நின்றது. விசில் முன்பே ஊதியாயிற்று என்று தெரிந்ததும் அந்தச் சத்தம் வசவாக மாறியது. நான் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இடைவேளையில் அவரே சொன்னார். “நான் பந்தைப் பாக்கலை. அந்தப் பையனைப் பாத்தேன். ரெண்டு கையும் கட்டுண்டு நெட்டுக்குத்தலா நிக்கிறான். நாலாவதா ஒருத்தன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடிவர்றான். இன்னும் ஒரு நொடி விட்டா யாராவது ஆம்புலன்ஸ்ல போவான்.”

வீட்டுக்கு வந்த பிறகும் மகன் ஆறவில்லை. “பால் வெளிய வந்துடுச்சுப்பா. நான்தான் எடுத்தேன். அவர் கொஞ்சம் வெயிட் பண்ணியிருக்கலாம்.” அவன் பக்கமும் நியாயம் இருந்தது. தொழில்முறை ஆட்டத்திலேயே இதே சண்டை நடந்திருக்கிறது. 2018 ஜனவரியில் டென்னஸியின் மார்க்கஸ் மரியோட்டா கையிலிருந்து பந்து நழுவியபோது, முன்னேற்றம் ஏற்கெனவே நின்றுவிட்டது என்று தீர்ப்பு வந்தது. அதை வீடியோவில் மறுபரிசீலனை செய்ய விதியில் இடமில்லை. டென்னஸி அன்று ஜெயித்தது ஒரே ஒரு புள்ளியில், 22-21.

“நாலாவதா ஓடிவந்தது யாருடா?” என்று மகனிடம் கேட்டேன். அவனுக்கு நெருங்கிய நண்பன்தான். பேசாமல் சாப்பிட்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். டச்டவுன் போன வருத்தம் அவனுக்கு இன்றும் இருக்கிறது.

கேட்ச் எப்போது முழுமையானது என்பதும், ஓட்டம் எப்போது முடிந்தது என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள். இரண்டும் நேரத்தைப் பற்றியவை. காமெராவோ இடத்தைத்தான் நன்றாகக் காட்டும். 2025 பருவத்திலிருந்து என்எஃப்எல்லில் சங்கிலிக்குப் பதில், நமக்குக் கிரிக்கெட்டில் பழக்கமான ஹாக்-ஐ அளக்கிறது. பந்துக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை அது சொல்லிவிடும். பந்தை எங்கே வைப்பது என்பதை இன்றும் ஒரு மனிதரின் கால்தான் சொல்கிறது. அந்த ஜனவரியில் கேன்ஸஸ் சிட்டிக்கு எதிரான அரையிறுதியில் பஃபலோவின் ஜாஷ் ஆலன் ஒரு யார்டுக்காகக் குவியலுக்குள் பாய்ந்தபோது, இரு பக்கத்து நடுவர்களும் வேறு வேறு இடத்தைக் காட்டினார்கள். பின்னால் இருந்த இடமே நின்றது. அத்தனை உடல்களுக்கு அடியில் கிடந்த பந்தைக் காட்ட எந்தக் காமெராவாலும் முடியவில்லை. பஃபலோ 32-29-இல் தோற்றது.

எங்கள் மைதானத்தில் ஹாக்-ஐ வரப்போவதில்லை. இந்தப் பருவமும் தபால்காரர் வருகிறார். முழங்கால் வலி என்கிறார், ஓட்டத்தில் வேகம் குறைந்திருக்கிறது. விசில் மட்டும் தாமதிப்பதில்லை. அவர் கால் ஊன்றிய இடத்துக்கு நேராக நாங்கள் கம்பை நகர்த்துகிறோம்.