மீன் தொட்டியின் பாரம்

தளியில் ஒரு வீட்டை மந்திரிக்க நாம் சென்றிருந்தோம். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் இளைஞர், தந்தையின் பழைய வீட்டின்மேல் புதிதாக ஓர் அறை எழுப்பியிருந்தார். அறையின் நடுவே வெறுமையாய் நின்றது ஒரு கண்ணாடித் தொட்டி. நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டடி உயரம்.

"சாயங்காலம் தண்ணீர் நிரப்பிவிடுவோம், சாமி" என்றார்.

குருமடத்தில் கற்ற கணக்கு என்றாவது உதவத்தானே வேண்டும்! 12 கன அடிக்கு ஏறத்தாழ 340 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் 400 கிலோவைத் தாண்டும். ஆறேழு பேர் ஆறு சதுர அடியில் இரவும் பகலும் நகராது நிற்பதற்கு ஒப்பாகும் அது. வீட்டு அறைகளுக்கு 1987ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி கணக்கில் கொள்ளும் பாரமோ சதுர மீட்டருக்கு 200 கிலோ. அறை முழுதும் பரவிய கணக்கு அது. ஆகவே ஓரிடத்தில் பாரம் மிகுந்ததும் தளம் இடிந்துவிடாது. ஆயினும் அடியில் தாங்குவது எது என்று பார்க்க வேண்டுமல்லவா?

கீழே சென்று அண்ணாந்து பார்த்தோம். சுவருக்குச் சுவர் பலகைக்கற்கள்.

"கருங்கல், சாமி! யானை நின்றாலும் தாங்கும்" என்றார் பெரியவர்.

கருங்கல் நசுக்குதலைத் தாங்கும், வளைதலைத் தாங்காது. கம்பியிட்ட கான்கிரீட் பெரும்பாலும் தொய்ந்தும் வெடித்தும் முன்னறிவிக்கும். பலகைக்கல் சொல்லாமல் முறியும். ஒரு கல்லின் அடியில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தது. அதற்கு நேர் கீழே பெரியவரின் கட்டில்!

அன்றே மேஸ்திரி வந்து முட்டுக் கொடுத்தார். அக்கல்லை மாற்றவேண்டும் என்றும் சொன்னார். தொட்டி கீழறையின் மண் தரைக்கு மேலிட்ட கல் தளத்திற்கு இறங்கிற்று. பெரியவர் இப்போது படுத்தவாறே மீன்களைப் பார்க்கிறார். இரவில் தொட்டி விளக்கை அணைக்கும்படி மகனைக் கடிந்துகொள்கிறாராம்.