மேசைக்கு அடியில் டென்மார்க்

கோபன்ஹேகனின் நோரெப்ரோ பகுதியில் ராவ்ன்ஸ்போர்கேட என்றொரு தெரு, பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போனது. அங்கே மேசையின் மேற்பலகையைத் தடவிப் பார்ப்பவர் சுற்றுலாப் பயணி. கைப்பேசி வெளிச்சத்தோடு தரையில் மல்லாந்து படுப்பவர் சேகரிப்பாளர். நானும் கூச்சத்தை விட்டுப் படுத்தேன்.

பழைய டேனிஷ் மேசையின் ஜாதகம் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. செய்த பட்டறையின் சூட்டுக்குறி அங்கேதான் கிடைக்கும். ஹான்ஸ் வெக்னர் வரைந்த மேசைகள் பலவற்றில் ஆண்ட்ரியாஸ் டுக் பட்டறையின் பெயரைப் பார்க்கலாம். வரைந்தவரோடு செய்தவருக்கும் பெயர் உண்டு என்பது அந்த ஊர் வழக்கம். கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் நடத்திய கண்காட்சிகள்தான் இரு தரப்பையும் இணைத்தன. வடிவமைப்பாளர் ஃபின் யூலின் வளைவுகளை மரத்தில் சாத்தியமாக்கியவர் நீல்ஸ் வோடர் என்ற தச்சர்.

தேக்கு மேசை ஒன்றின் விளிம்பைப் பார்த்தபோது நம்மூர் ஆசாரிகள் நினைவுக்கு வந்தார்கள். மேலே மெல்லிய தேக்கு வெனீர், உள்ளே வேறு பலகை, சுற்றிலும் முழுத்தேக்குச் சட்டம். நம்மூரில் இதை ஏமாற்று வேலை என்பார்கள். அங்கே காரணம் வேறு. டென்மார்க்கில் தேக்கு விளையாது. போருக்குப் பின் தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. குளிர்காலத்தில் சூடேற்றிய அறையின் வறட்சியில் அகலமான முழுப்பலகை சுருங்கும், வெடிக்கும். வெனீர் ஒட்டிய பலகை அவ்வளவாக அசையாது. ஆனால் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் தேக்கு போய்விடும், உள்மரம் பல்லிளிக்கும். அதனால் பளபளவென்று புதிதாக இழைத்து வைத்திருக்கும் மேசையைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு மேசையின் இரு முனைகளிலும் ஒளிந்திருந்த பலகைகளைக் கடைக்காரர் இழுத்துக் காட்டினார். நால்வர் மேசை எட்டுப் பேருக்கானதாக மாறியது. சின்ன அடுக்ககங்களுக்கென்றே செய்த உபாயம். ஒளிந்திருந்த பலகையின் நிறம் மட்டும் வேறு. வெளிச்சமே படாமல் கிடந்ததுதான் காரணம். “ஒரு கோடை முழுக்க ஜன்னலோரம் வையுங்கள், ஓரளவு சேர்ந்துவிடும்” என்றார்.

பிரேசில் ரோஸ்வுட் மேசைகள் பக்கம் நான் போகவில்லை. அந்த மரம் 1992 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. உரிய சான்றில்லாமல் எல்லை தாண்டாது.

எனக்குப் பிடித்தது போர்கே மொகென்சனின் வழி. 1942இல் எஃப்.டி.பி. என்ற கூட்டுறவு அமைப்பின் அறைகலன் வடிவமைப்புக்குத் தலைமையேற்ற அவர், சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய உறுதியான சாமான்களை வரைந்தார். அப்படிப் புழங்கப் பிறந்தவையே இன்று ஏலத்தில் பெயருக்காக விலை ஏறுகின்றன. புழங்கிய தடத்தைச் சுரண்டிவிட்டு விற்கும்போது மிஞ்சுவது அந்தப் பெயர் மட்டுமே.

நான் தேர்ந்தெடுத்தது எந்தக் குறியும் இல்லாத ஓக் மேசை. அடியில் பார்த்தேன்: கழுந்து துளையில் இறுகி நின்றது, கால்கள் கழற்றக்கூடியவை. மேலே காப்பிக் கோப்பை வட்டங்கள். அவற்றைப் போக்கித் தரவா என்று கேட்டார் கடைக்காரர். வேண்டாம் என்றேன், விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.