முள்ளிக்குளத்து மாதா கோவிலும் அதன் பெண்களும்

மன்னார் நகரத்திலிருந்து தெற்கே சிலாவத்துறைப் பக்கம் செல்லும் பஸ்ஸில் காலையிலே ஏறினால், தள்ளாடிச் சந்தி கடந்த சிறிது நேரத்தில் வங்காலை வரும். வீதியின் இரு பக்கமும் உப்புத் தரவை. மாசி பங்குனி மாதங்களில் போனால் பூநாரைகள் கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் பஸ்ஸில் இருக்கும் வயது போன அம்மாமார் பறவைகளைப் பார்ப்பதில்லை. வங்காலை புனித ஆனாள் கோவில் தெரிந்ததும் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்கள். 1985ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி அதிகாலையில் இந்தக் கோவில் வளவில்தான் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் கொல்லப்பட்டார். அவருடைய உடல் மக்களிடம் கையளிக்கப்படவில்லை. அவருடைய பங்கு மக்கள் ஆண்டுதோறும் அவரை நினைவுகூர்ந்து வருகிறார்கள்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். வவுனியாவில் இருந்து தொழிலுக்காக மன்னாருக்கு வந்தவள். முசலிப் பிரதேசத்துப் பெண்களின் சேமிப்புக் குழுக்களோடு வேலை செய்வதால் இந்தப் பாதை எனக்குப் பழகிப் போனது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் சமயத்தை ஒரு ‘சமூக நிறுவனம்’ என்று படித்துப் பரீட்சை எழுதினேன். அது மனிதரை ஒன்றுசேர்க்கும், கட்டுப்படுத்தவும் செய்யும் என்பது அந்தப் பாடம். ஒரு கோவில் ஒரு கிராமத்தை எப்படித் தூக்கி வைத்திருக்கிறது என்பதை முள்ளிக்குளத்தில்தான் கண்ணால் கண்டேன். அதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

வங்காலை, நானாட்டான் கடந்து அருவியாற்றுப் பாலத்தைத் தாண்டினால் அரிப்பு. கடற்கரையில் இடிந்த சுவர்கள் சில நிற்கின்றன. ஊர் மக்கள் அதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள். உண்மையில் அது முதலாவது பிரித்தானிய ஆளுநரான பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகக் கட்டிய மாளிகை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று, கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கொண்டிருக்கிறது. இந்தக் கரையின் முத்து எந்தெந்த நாட்டு அரசிகளின் கழுத்துக்கோ போயிற்று. குளித்தெடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி எல்லாம் முஸ்லிம் மக்களின் ஊர்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இந்த ஊர்களும் வெறுமையாகின. புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருபது ஆண்டுகள் வாழ்ந்த பின்பு திரும்பியவர்களுக்கு, தங்கள் காணி காடாகிப் போயிருந்தது. பிறகு அந்தக் காடே ஒதுக்குவனம் என்று சொல்லப்பட்டது. 2017இல் முள்ளிக்குளத்து மக்கள் வீதியில் இருந்த அதே நாட்களில், பக்கத்து மறிச்சுக்கட்டியிலும் மக்கள் காணிக்காகப் போராட்டத்தில் இருந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு ஊர்கள், இரண்டு பந்தல்கள். இரண்டு பந்தல்களிலும் கைக்குழந்தையோடு இருந்தவர்கள் பெண்கள்தான்.

மறிச்சுக்கட்டிக்கு அடுத்தது முள்ளிக்குளம். கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வில்பத்துக் காடு. கரைவலைப் பாடுகளும் வயல்களும் சிறு குளங்களும் இருந்ததால் இந்த ஊர் பசி கண்ட ஊர் அல்ல என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, தபாற்கந்தோர், சங்கக்கடை, கன்னியர் மடம், நடுவில் மாதா கோவில். 2007ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி படையினர் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். சில நாட்களில் திரும்பலாம் என்றதால் பலர் மாற்றுடுப்போடு மட்டுமே வந்தார்கள். அந்தச் ‘சில நாட்கள்’ எப்படிப்பட்டவை என்று எமது வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

போர் முடிந்தது. ஊர் கடற்படை முகாமாகி விட்டது. வடமேல் கடற்படைக் கட்டளைப் பிரதேசத்தின் தலைமையகமே அங்கு அமைந்தது. 2012இல் ஒரு பகுதி மக்கள் இனியும் காத்திருக்க முடியாது என்று தங்கள் ஊரின் ஓரத்திலே மலங்காட்டில் மரங்களுக்குக் கீழ் கொட்டில் போட்டார்கள். வேறு சிலர் காயாக்குழியில் இருந்தார்கள். ஊருக்குள் போக முடியாது. ஆனால் ஊருக்குள் இருந்த கோவிலுக்குப் பூசைக்குப் போய்வர மட்டும் அனுமதி கிடைத்தது.

இந்த ‘மட்டும்’ என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். 2017 ஆனியில் முதல் தடவை அங்கு போனபோது, கோவில் விறாந்தையில் பாய் விரித்திருந்த ஓர் அக்கா சொன்னார்:

“தங்கச்சி, பூசைக்குத்தான் போறம் எண்டு போவம். நேவிக்காரர் நிண்டு பாத்து விடுவாங்கள். பூசை முடிஞ்சு வெளியில வந்தா கண் எங்கட வளவிலதான் நிக்கும். நான் வைச்ச தென்னை காய்ச்சுக் கிடக்கும், எனக்கொரு இளநி இல்ல. ஆனா பாத்திட்டு வாறது. போன கிழமை நிண்ட மரம் இந்தக் கிழமையும் நிக்குதோ எண்டு பாக்கிறது. பிள்ளையளுக்குக் காட்டுறது, அங்க பார் அதுதான் எங்கட கிணறு எண்டு.”

பத்து ஆண்டுகள் ஊருக்கு வெளியே வளர்ந்த பிள்ளைக்குத் தன் வீட்டுக் கிணறு எங்கே என்று தெரிந்திருந்தது. பூசை இல்லாவிட்டால் அது தெரிந்திருக்காது. கோவில் மணி அடித்தபோதெல்லாம் ஊர் என்று ஒன்று இருப்பது உறுதிப்பட்டது. திருமணம், ஞானஸ்நானம், திருவிழா என்று எந்தக் காரணம் கிடைத்தாலும் அதைச் சொல்லி மக்கள் உள்ளே போனார்கள். பங்குத்தந்தையரும் அப்படிப்பட்ட காரணங்களைத் தேடித் தேடி உண்டாக்கினார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அக்காவிடம் கேட்டேன், சிரித்தார்.

2017 மார்ச் 23ஆம் திகதி மக்கள் தங்கள் ஊர் வாசலில் உட்கார்ந்தார்கள். 38 நாட்கள் எழும்பவில்லை. சித்திரை வெயில், குடிதண்ணீர் கஷ்டம், இரவிலே பாம்பு, யானைப் பயம். ஆண்கள் கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்பதால் பகலில் பந்தலைக் காத்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அந்த நாட்களில் கோவில் என்ன செய்தது என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது அரிசி, பருப்புக் கணக்கு. அதுவும் இருந்தது, பக்கத்துப் பங்குகளில் இருந்து மாதர் சங்கத்தினர் சமைத்துக் கொண்டுவந்த சாப்பாடு, தண்ணீர், தறப்பாள். ஆனால் பெண்கள் முதலில் சொன்னது வேறு. “சிஸ்டர்மார் எங்களோட நிலத்தில இருந்தவை” என்றார்கள். நிவாரணப் பொதி கொண்டுவருபவர் வாகனத்துக்குப் பக்கத்தில் நிற்பார். நிலத்தில் இருப்பவர் என்றால் அவர் நம்மோடு பொழுதுபடும் வரைக்கும் இருக்கப் போகிறவர். நிவாரண வரிசையில் நின்ற எவருக்கும் இந்த வித்தியாசம் தெரியும்.

குருமார் மூவின ஊடகங்களோடும் பேசினார்கள், அதிகாரிகளிடம் நடந்தார்கள். தெற்கில் இருந்து சிங்களச் சகோதரர்கள் சிலரும் வந்து கூட இருந்தார்கள். ஏப்ரல் 29ஆம் திகதி, 100 ஏக்கரை விடுவிப்பதாகவும் குடியிருப்பு வீடுகளைச் சில மாதங்களில் கையளிப்பதாகவும் கடற்படை அறிவித்தது. மக்கள் அன்றைக்கே நேராகப் போனது கோவிலுக்கு. அதன் வளவிலும் பக்கத்திலும் தங்கி, பற்றை வெட்டத் தொடங்கினார்கள். சொன்ன மாதங்களில் வீடுகள் வரவில்லை. ஆண்டுகள் சென்றும் அந்தக் கோரிக்கையோடு மக்கள் அலைந்தார்கள். ஆகவே இதை வெற்றிக் கதை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மன்னாரில் கோவில் இப்படி மக்களோடு நிற்பதற்கு ஒரு பின்னணி உண்டு. ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகையைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. நெடுந்தீவில் பிறந்தவர், 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயர். 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது அவர் ஒரு கழித்தல் கணக்கை முன்வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது? முதல் எண் அரச கச்சேரிப் பதிவுகளில் இருந்தும் இரண்டாவது எண் ஐ.நா. அமைப்பின் பதிவில் இருந்தும் எடுக்கப்பட்டவை. அவர் யாரையும் திட்டவில்லை, கழித்துக் காட்டினார். அந்த எண்ணுக்காக அவர் பிறகு பொலிஸ் விசாரணைக்கும் முகம் கொடுக்க வேண்டி வந்தது. 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் மறைந்தபோது, மகனையோ கணவனையோ தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் வெவ்வேறு மாவட்டங்களில் இருந்து மன்னாருக்கு வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களில் என்னைப் போலச் சைவப் பெண்களும் பலர். கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

கணக்கு வைப்பது, பெயர் எழுதி வைப்பது என்பதெல்லாம் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் இடப்பெயர்வில் எல்லாப் பத்திரங்களையும் இழந்த ஒரு பெண்ணுக்குப் பங்குப் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி பெரிய சொத்து. தாமதித்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது ஞானஸ்நானச் சான்றிதழையும் ஆதாரமாகக் காட்டலாம். விவாகப் பதிவு தொலைந்தவர்கள் கோவிலில் எழுதிய திகதியைக் கொண்டு பதிவாளர் கந்தோரில் பிரதி தேடலாம். இதற்காக அலைந்துகொண்டிருக்கும் வாசகிகள் தங்கள் பழைய பங்கிலோ, மறைமாவட்டத்தின் சமூகப் பணி நிறுவனமாகிய வாழ்வுதயத்திலோ ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். முள்ளிக்குளத்துப் பெண்கள் இதையே தாங்களாகவும் செய்திருந்தார்கள். ஒரு சீ.ஆர். கொப்பியில் கோவிலில் இருந்து தொடங்கி, இடப்பக்கம் யார் வளவு, வலப்பக்கம் யார் வளவு, எந்தக் கிணறு யாருக்குப் பொது என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். உறுதி இருந்தவர்களுக்கு நேரே ஒரு புள்ளடி. எழுதியவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். நிலஅளவையாளர் வந்தாலும் இதற்கு மேல் எதை எழுதுவார் என்று நினைத்தேன்.

குறை சொல்லவும் இருக்கிறது. பந்தலில் பெண்கள், பேச்சுவார்த்தை மேசையில் குருமாரும் ஆண்களும் என்ற ஒழுங்கு இங்கு மட்டும் உள்ளதல்ல. ஆனாலும் கோவிலாவது அதை மாற்றியிருக்கலாம். காணி விடுபட்டால் உறுதி யாருடைய பெயரில் எழுதப்படும், கணவன் காணாமற்போன பெண்ணுக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்விகளைப் பெண்கள் என்னிடம் கேட்டார்கள், ஆண்கள் இருந்த கூட்டத்தில் கேட்கவில்லை. சாதி பற்றி யாரும் பேசவே விரும்பவில்லை. மறிச்சுக்கட்டிப் பந்தலுக்கும் முள்ளிக்குளத்துப் பந்தலுக்கும் இடையில் போக்குவரத்து இன்னும் கூடுதலாக இருந்திருக்கலாம் என்பதும் என் அபிப்பிராயம். ஒரே காடு, ஒரே கடல். நீதி மட்டும் தனித்தனியாக வராது. இதை ஒரு இளம் குருவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “நீங்களே ஒரு நாள் இரண்டு ஊர்ப் பெண்களையும் கூப்பிட்டு இருத்துங்கோ, மண்டபம் தாறன்” என்றார். அடுத்த மாதமே தந்தார். முதற் கூட்டத்தில் இரண்டு பக்கமும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். மீன் விலையைப் பற்றிப் பேச்சு வந்த பிறகுதான் கதிரைகள் நகர்ந்தன. இடைத்தரகர் இரண்டு ஊருக்கும் ஒருவரே என்று அப்போது தெரிந்தது.

இந்தப் பக்கம் போக விரும்பும் சகோதரிகளுக்கு இரண்டொரு விடயம். சிலாவத்துறைக்கு அப்பால் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். முகாம் வேலியைப் படம் எடுக்க வேண்டாம், அது ஊரவர்களுக்குத்தான் கரைச்சல். ஞாயிறு பூசை முடிந்த பின்பு போனால் பெண்களைக் கோவில் நிழலில் காணலாம். யார் யார் வளவு எங்கே என்று கேளுங்கள், கையை நீட்டிக் காட்டுவார்கள்.