ஒரு அணா கூலி

இன்னைக்கு பேகம்பேட் பழைய விமான நிலையம் பக்கம் போனேன்.
ரொனால்ட் ராஸ் வேலை பார்த்த கட்டடம் அங்கதான் இருக்கு.

1897 ஆகஸ்ட் 20.
கொசுவோட வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியை அவர் பார்த்தது நம்ம செகந்திராபாத்துலதான்.
1902ல நோபல் பரிசு.

அந்தக் கொசு குடிச்ச ரத்தம் யாரோடது?

ஹுசைன் கான். மலேரியா நோயாளி.
கொசுவலைக்குள்ள படுத்துக்கிட்டு, உள்ள விட்ட கொசுவுக்கெல்லாம் உடம்பைக் கொடுத்தவர்.
கடிச்ச கொசு ஒண்ணுக்கு ஒரு அணா.

"வெறும் நோயாளிதானே."
"காசு வாங்கிட்டுத்தானே செஞ்சான்."
இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு மனுஷனோட பங்கைச் சுருக்கிடறோம்.

அந்த ரத்தம் இல்லேன்னா ராஸ் நுண்ணோக்கியில எதைப் பார்த்திருப்பார்?

கூலி கொடுத்துட்டா கணக்கு தீர்ந்துடுமா?
நீங்க என்ன நினைக்கறீங்க?