பொய்ச் சபை

எனக்குப் பாட்டு வராது என்று சொன்னால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். உண்மை அதுவல்ல. ஒரு காலத்தில் வந்துகொண்டுதான் இருந்தது. பதினேழாவது வயதில், கல்லூரிப் பாட்டுப் போட்டி ஒன்றில் மேடையேறி வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இறங்கியவன் அதன் பிறகு குளியலறையில்கூடப் பாடியதில்லை.

ஆகையால், சேலையூரில் இருக்கும் என் தம்பி மகள், "பெரியப்பா, குரோம்பேட்டையில ஒரு மார்கழிக் கச்சேரி கிடைச்சிருக்கு, இப்பவே கையும் காலும் உதறுது" என்று வந்து நின்றபோது, மற்றவர்களைப் போல் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

வள்ளுவர் 'அவை அஞ்சாமை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அஞ்சுகிறவர்கள் அவர் காலத்திலும் ஏராளம் என்றுதானே அர்த்தம்? செல்லோ மேதை பாப்லோ காசல்ஸின் இடது கையை 1901-இல் கலிபோர்னியா மலையொன்றில் உருண்டு வந்த பாறை நசுக்கிவிட்டது. இனிமேல் வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் முதலில் தோன்றியதாம்! கை குணமாயிற்று, பயம் குணமாகவில்லை.

சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. எதிரே இருப்பது புலியா, முதல் வரிசைச் சங்கீத விமரிசகரா என்று அது விசாரிப்பதில்லை; அட்ரினலினைக் கொட்டிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, விரல் சில்லிடுகிறது. இதை அடக்க மாத்திரை உண்டு. ஜேம்ஸ் பிளாக் இருதய நோய்க்காகக் கண்டுபிடித்த புரொப்ரானலால். அவருக்கு 1988-இல் நோபல் பரிசு வந்தது. மேல்நாட்டு வாத்தியக்காரர்கள் பலர் மேடைக்கு முன்னால் இதை விழுங்குவதுண்டு. ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து. இவளுக்கோ சிறு வயதிலிருந்தே இழுப்பு. டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார்.

மிஞ்சியது மூச்சு. மூச்சுக்குப் பேர்போன இடம்தான் எங்கள் பக்கம். டாக்டர் சௌரி முத்து 1928-இல் க்ஷயரோகிகளுக்காக ஆஸ்பத்திரி கட்டியதால்தான், தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷனுக்குச் சானடோரியம் என்றே பெயர். ஆபீஸ் விட்டு அந்த ஸ்டேஷன் பெஞ்சில் ரயிலுக்குக் காத்திருக்கையில் அவள் ஜேகப்ஸன் என்பவர் 1929-இல் எழுதி வைத்த முறையைப் பழகினாள். முஷ்டியை இறுக்குவது, தளர்த்துவது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிப்பது. பிறகு தோள், தாடை, வயிறு. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

பிறகு ஒரு நாள், சிநேகிதியிடமிருந்து கண்ணில் கட்டிக்கொள்ளும் கறுப்புப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். மெய்நிகர் கருவியாம். "போட்டுப் பாருங்க பெரியப்பா" என்றாள்.

போட்டேன். பெரிய மண்டபம். நிறைய ஜனங்கள். ஒருவர் இருமினார். ஓர் அம்மாள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனையும் பொய் என்று எனக்குத் தெரியும். என் உள்ளங்கைக்குத் தெரியவில்லை, நனைந்துவிட்டது. பிடுங்கிக் கீழே வைத்தேன்.

"கழட்டக் கூடாது, அதுதான் தப்பு" என்றாள். எழுந்து ஓடினால் பயம் வளருமாம். உட்கார்ந்திருந்தால் தானே தணியுமாம். உடம்பைத் தளர்த்திக்கொண்டு சின்னப் பயத்திலிருந்து பெரிய பயத்துக்குப் படிப்படியாக ஏறும் வைத்தியத்தை 1958-இலேயே ஜோசப் வோல்பி எழுதியிருக்கிறார். அன்று சபையை நோயாளியே கற்பனையில் கூட்ட வேண்டும்; இன்று பெட்டி கூட்டித் தருகிறது. முதலில் காலி மண்டபம், பிறகு பத்துப் பேர், பிறகு நிறைந்த சபை என்று அவள் ஏறினாள். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுப் பாடக் கூடாதா என்பீர்கள். பாடினாள். அவர்கள் கைதட்டிக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அதில் பயப்பட என்ன இருக்கிறது?

கச்சேரியன்று, அரியக்குடி நிலைநாட்டிய பத்ததிப்படி வர்ணத்தில் தொடங்கினாள். நன்றாகப் பழகிய உருப்படி. கைக்கும் தாளம் என்று ஒரு வேலை. சபைக் கூச்சத்தை மனத்தில் வைத்தே பெரியவர்கள் இப்படி அமைத்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். முதல் வரியில் குரல் நடுங்கியது. எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது எனக்கு. அவள் தோளை இறக்கினாள்; மூச்சை நிதானமாக விட்டாள்; அதே நடுக்கத்தோடு மேலே போனாள். முக்தாயி ஸ்வரம் வருவதற்குள் குரல் நிலைகொண்டுவிட்டது.

"பயம் போயிற்றா?" என்று ரயிலில் கேட்டேன்.

"எங்க போகும்? பக்கத்துலயே உட்கார்ந்து தம்பூரா மீட்டிக்கிட்டிருந்தது" என்றாள்.

பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. சிநேகிதி இன்னும் கேட்கவில்லை. முதல் நாள் நான்கு நிமிஷம் கழற்றாமல் இருந்தேன். நேற்றுக் காலி மண்டபத்தில் ஒரு ஸட்ஜம் பிடித்துப் பார்த்தேன். கமறியது.